மழைக்காலமும் சவரக்கத்தியும்

மும்பை நகரில் பருவமழை ஜூன் மாத நடுவில் தொடங்கினால் செப்டம்பர் இறுதிவரை விடுவதில்லை. அந்நாட்களில் உப்புச் சாடியில் உப்பு நீர்த்துக் கிடக்கும். அலமாரியிலுள்ள தோற்செருப்பின்மேல் வெண்பூஞ்சை படரும். தீக்குச்சியைப் பலமுறை உரசினாலும் பற்றாது. இவற்றையெல்லாம் உடனே கண்டு கொள்ளுகிறோம். ஆனால் அதே அலமாரியின் மூலையில், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சவரக்கத்திக்கு நேர்வதை நாம் காண்பதில்லை. மழை ஓய்ந்தபின் ஒருநாள் அதைத் திறந்து பார்க்கும்பொழுதுதான், பளபளத்திருந்த அலகில் செந்நிறப் புள்ளிகள் இறைந்திருப்பது தெரியவரும்.

சவரக்கத்தி என்று நான் கூறுவது, பிடிக்குள் மடித்துக்கொள்ளும் பழைய நீண்ட கத்தியை. மாற்று பிளேடு பொருத்தும் சவரக்கருவியை அமெரிக்காவில் ஜில்லெட் என்பார் 1903 ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் இக்கத்தி வீடுகளிலிருந்து மெல்ல மறைந்தது. சவரத் தொழிலாளர்களுள்ளும் பெரும்பாலோர் இன்று ஒருவருக்கு ஒரு பிளேடு என்று மாற்றிக்கொள்ளும் கருவியையே கையாளுகின்றனர். நோய் பரவாமலிருக்க அதுவே தக்க முறை. எனினும் பாட்டனார் பயன்படுத்திய கத்தியைப் போற்றி வைத்திருப்போரும், அதனாலேயே நாள்தோறும் முகம் மழித்துக்கொள்ளுவோரும் நம் நாட்டில் இன்னும் உண்டு. அவர்கள் பொருட்டே இவ்விஷயத்தைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறேன். தச்சரின் உளிக்கும் தையற்காரரின் கத்தரிக்கோலுக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் கத்தியின் இயல்பை நோக்குவோம். நல்ல சவரக்கத்தி நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு பங்கு கரி கலந்த எஃகினால் ஆனது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் ஸோலிங்கனும் இத்தகைய கத்திகளுக்குப் பெயர் பெற்ற ஊர்கள். கரி மிகுந்த எஃகு கடினமானது. நுண்ணிய கூரை ஏற்கும். ஏற்ற கூரை நெடுநாள் காக்கும். ஆனால் துருவை எதிர்க்கும் ஆற்றல் அதற்கு இல்லை. துருப்பிடிக்காத எஃகு என்று நாம் அழைப்பதில் குரோமியம் நூற்றுக்குப் பத்தரைப் பங்கேனும் கலந்திருக்க வேண்டும். கத்திக்குரிய வகைகளில் பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு இருக்கும். அந்தக் குரோமியம் எஃகின் மேல் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய போர்வையை உண்டாக்கிக் காக்கிறது. ஹாரி பிரியர்லி என்பார் இவ்வகை எஃகை ஷெஃபீல்டில் உருக்கியது 1913 ஆம் ஆண்டில். அதற்கு முந்திய கத்திகள் யாவும், பிந்தியவற்றுள் மிகப் பலவும், இப்போர்வை அற்றவை.

கத்தியின் வாய், அஃதாவது கூர்விளிம்பு, நன்கு தீட்டப்பட்ட நிலையில் ஒரு மைக்ரானுக்கும் குறைந்த கனமே உடையது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு மெல்லிய விளிம்பில் இருபுறமும் கால் மைக்ரான் அளவு துரு அரித்தாலே எஞ்சுவது என்ன? அலகின் பரப்பில் அவ்வளவு துரு ஏறினால் கண்ணுக்கே தெரியாது. வாயிலோ கூர் போய்விடுகிறது. நேற்று வெண்ணெய்போல் வழித்த கத்தி இன்று முகத்தைப் பிறாண்டுகிறதே என்று திகைப்பவர்கள் தீட்டியது போதவில்லை என்று எண்ணிக்கொள்ளுகிறார்கள். பெரும்பாலும் இரவில் துரு தன் வேலையைச் செய்திருக்கும்.

துரு எவ்வாறு உண்டாகிறது? இரும்பும் நீரும் பிராணவாயுவும் ஒருங்கே கூடவேண்டும். மூன்றில் ஒன்று இல்லையெனினும் சாதாரண வெப்பநிலையில் துரு இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யூலிக் எவன்ஸ் என்னும் அறிஞர் ஒரு சோதனையால் இதை அழகாகக் காட்டினார். எஃகுத் தகட்டின்மேல் ஒரு துளி உப்புநீரை இட்டு அவர் கவனித்தார். துளியின் ஓரத்தில் காற்றிலுள்ள பிராணவாயு எளிதில் கலக்கிறது. நடுவில் அஃது எட்டுவதில்லை. இவ்வேற்றுமையால் அந்தச் சிறு துளியே ஒரு மின்கலமாகி விடுகிறது. துளியின் நடுவில் இரும்பு கரைகிறது. ஓரத்தில் பிராணவாயு அதற்கு ஈடு செய்கிறது. இரண்டிற்கும் இடையே துரு வளையமாகப் படிகிறது. கத்தியில் தங்கிய சவர்க்கார நீர்த்துளிகள் உலர்ந்தபின் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருப்பதன் காரணம் இதுவே. படிந்த துருவோ அது தோன்றிய இரும்பைப் போல் இரண்டு முதல் ஆறு மடங்குவரை இடம் கொள்ளும். சல்லடைபோல் நுண்துளைகள் உடையது. அத்துளைகளில் ஈரம் புகுந்து தங்குவதால், வந்த துரு அடுத்த துருவுக்கு வழிவிடுகிறதேயன்றித் தடுப்பதில்லை.

நான் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஆகவே ஒன்றை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. ஹிந்தியில் துருவுக்கு 'ஸங்க்' என்று பெயர். போருக்கு 'ஜங்க்' என்று பெயர். இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்தவை. எழுத்தில் இவற்றைப் பிரித்துக் காட்டுவது எழுத்தின் அடியில் இடப்படும் ஒரே புள்ளி. அச்சில் அந்தப் புள்ளியைப் பலர் விட்டுவிடுவார்கள். இரும்புக்கும் காற்றுக்கும் இடையே ஓயாது நடப்பதைக் கருதினால் அந்தப் பிழையும் பொருத்தமானதே.

தில்லியில் குதுப் மினாருக்கு அருகே ஏறத்தாழ 1600 ஆண்டுப் பழமையுள்ள இரும்புத் தூண் ஒன்று வெயிலிலும் மழையிலும் நிற்கிறதே, அதற்கு ஏன் துரு ஏறவில்லை என்று சிலர் வினவக்கூடும். அத்தூணின் இரும்பில் பாஸ்பரஸ் மிகுந்துள்ளது. அது நாளடைவில் மேற்பரப்பில் பாஸ்பேட் கலந்த உறுதியான படலமாகி இரும்பைக் காக்கிறது என்பதைக் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பாலசுப்ரமணியம் ஆராய்ந்து விளக்கினார். ஆனால் பாஸ்பரஸ் மிகுந்தால் எஃகு நொறுங்கும் தன்மை அடையும்; அதனால் கத்தி செய்வோர் அதை இயன்றவரை விலக்குவர். தூணுக்கு வாய்த்த அருங்குணம் கத்திக்கு ஆகாது.

இனிக் காற்றின் ஈரத்தைப் பற்றிக் கூறுவேன். காற்று தாங்கக்கூடிய நீராவியில் நூற்றுக்கு எத்தனை பங்கு அதில் இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். இது 60 சதவீதத்தைத் தாண்டியதும் எஃகு துருப்பிடிக்கும் வேகம் திடீரென மிகுவதை ஆராய்ச்சியாளர் கண்டனர். மும்பையிலும் கல்கத்தாவிலும் ஜூலை மாதத்துச் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்திற்கும் மேல். மேலும், 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரமும் உள்ள காற்று, ஏறக்குறைய 26 டிகிரிக்குக் குளிர்ந்த பொருளைத் தொட்டாலே அதன்மீது நீராகப் படியும். நான்கு டிகிரி வேற்றுமை போதும்! இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடிய அறையில் இருந்த கத்தியைக் காலையில் சாளரம் திறந்த குளியலறைக்கு எடுத்துச் சென்றால் அது வியர்த்துவிடுவது இதனால்தான். கத்தியின் மேல் ஒரு சொட்டு நீரும் தெளிக்கவில்லை என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்வார். அவர் கூற்று உண்மையே.

கடற்கரை ஊர்களில் இத்துடன் உப்பும் சேருகிறது. சமையலுப்பு 75 சதவீத ஈரத்திலேயே காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரைந்துவிடும். ஆதலால் உப்புத்தூசி படிந்த இடத்தில் எப்பொழுதும் ஈரம் நிற்கும். வியர்வையிலும் உப்பு உண்டு. அலகை விரலால் தொட்டவர், சில நாட்களில் தம் கைரேகையே செந்நிறத்தில் பதிந்திருக்கக் காணலாம். முகம் மழித்தபின் தடவிக்கொள்ளும் படிகாரக்கட்டி மற்றொரு பகை. அதன் நீர் புளிப்புத்தன்மை உடையது. படிகாரம் தொட்ட ஈரக்கையால் கத்தியை எடுத்தால் கறை நிச்சயம். கத்தியைத் துடைத்து அப்பால் வைத்தபின்னரே படிகாரத்தைத் தொடுவது நலம்.

காப்பு முறைகளுள் தலையாயது உடனே உலர்த்துவது. ஏனையவை இதற்குப் பிற்பட்டவையே. மழித்து முடித்ததும் கத்தியின் அலகை மட்டும் ஓடும் வெந்நீரில் அலம்ப வேண்டும். நீர் வெதுவெதுப்பாக இருப்பின் உலோகம் சூடேறி ஈரம் விரைவில் ஆவியாகும். பிடியினுள்ளும் இரண்டு தகடுகளையும் கோத்திருக்கும் ஆணியிலும் நீர் புகாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே புகுந்த நீரை வெளியேற்றுதல் கடினம். பின்னர் மெல்லிய பருத்தித் துணியைக் கத்தியின் முதுகின்மேல் மடித்துப் பிடித்து, முதுகிலிருந்து வாயை நோக்கி இழுத்துத் துடைக்க வேண்டும். வாயிலிருந்து முதுகை நோக்கித் துடைத்தால் துணி அறுபடும், விரலும் அறுபடும். பிடித் தகடுகளின் இடையே மெல்லிய காகிதத்தை நுழைத்து இழுத்தால் உள்ளீரம் வந்துவிடும். அதன்பின் உலர்ந்த தோல்வாரில் பத்துமுறை மெல்ல இழுக்கலாம். இது கூரேற்றுவதற்கன்று, துணி எட்டாத வாய்விளிம்பின் ஈரத்தைத் தோல் துடைத்துவிடும். இவ்வளவும் செய்ய இரண்டு நிமிடம் ஆகும். செய்த உடனே மூடாமல், அரைமணி நேரம் கத்தியைப் பாதி திறந்தபடி காற்றோட்டமான இடத்தில் வைத்திருந்து பின்னர் மடிக்க வேண்டும்.

நாள்தோறும் பயன்படும் கத்திக்கு இதுவே போதும். மழைக்காலத்திலும், சில நாட்கள் எடுக்காமல் வைக்கும்பொழுதும் எண்ணெய்ப் பூச்சு வேண்டும். நம் இல்லங்களில் கைக்கு வருவது தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய். இவை ஓரிரு நாளைக்கு உதவும். நாள்பட்டால் காற்றுபட்டுக் கெட்டு, சிக்குப் பிடித்துப் புளிப்பு அமிலங்களை உண்டாக்கும். அந்த அமிலம் தான் காக்க வந்த எஃகையே தின்னும். தையல் மெஷினுக்கு இடும் மெல்லிய கனிம எண்ணெய் இவ்வாறு கெடுவதில்லை. ஜப்பானியர் தம் வாள்களுக்கும் உளிகளுக்கும் காமேலியா விதை எண்ணெயைப் பூசுவர். அது தாவர எண்ணெயேயாயினும் மெல்லக் கெடுவது. பல மாதங்கள் மூடி வைப்பதாயின் வாஸ்லைன் தக்கது. எதுவாயினும் மெல்லிய படலமே தேவை. சொட்டச் சொட்டப் பூசினால் தூசி ஒட்டும். மறுபடி எடுக்கும்பொழுது எண்ணெயை முற்றும் துடைத்த பின்னரே தோல்வாரில் இடவேண்டும்; எண்ணெய் ஏறிய தோல்வார் பின்னர் ஒழுங்காகத் தீட்டாது.

வைக்கும் இடம் குளியலறையாக இருத்தல் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தோலுறையும் ஆகாது. தோல் ஈரத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பதனிடப் பயன்பட்ட உப்புகளும் அமிலங்களும் அதில் எஞ்சியிருக்கும். முன்னாளில் வசதியுள்ள வீடுகளில் அலமாரிக்குள் ஒரு சிறு மின்விளக்கை எரிய விடுவார்கள். அதன் சூட்டினால் 30 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு உள்காற்று ஏறினால், நீராவி குறையாமலே ஈரப்பதம் 80லிருந்து 60 சதவீதமாகத் தாழ்ந்துவிடும். இப்பொழுதைய எல்.இ.டி. விளக்குகள் அவ்வளவு சூட்டைத் தருவதில்லை. இன்று எளிதிற் கிடைப்பது சிலிக்கா ஜெல் என்னும் மணிகள். புதிய காலணிப் பெட்டியிலும் மருந்துப் புட்டியிலும் சிறு பொட்டலமாக இருக்கும். தம் எடையில் மூன்றிலொரு பங்கு நீரை அவை உறிஞ்ச வல்லவை. காற்றுப் புகாத டப்பாவில் கத்தியுடன் இட்டால் ஈரம் தாழ்ந்திருக்கும். ஆனால் அவை நிறைந்தபின் வெறும் கூழாங்கற்களே. மாதம் ஒருமுறையேனும் அவற்றைப் பொட்டலத்திலிருந்து பிரித்து, 120 டிகிரி அளவில் ஓரிரு மணி நேரம் சூடாக்கி ஈரத்தை ஓட்ட வேண்டும்.

இதை நான் உணர்ந்தது நட்டப்பட்ட பிறகுதான். 2019 ஆம் ஆண்டு உத்தியோக மாற்றலாகித் தில்லியிலிருந்து மும்பைக்குச் சென்றபொழுது, என் பாட்டனாரின் ஸோலிங்கன் கத்தியையும் உடன் கொண்டு சென்றேன். தில்லியின் வறண்ட காற்றில் அது பல ஆண்டுகள் மேசை இழுப்பறையில் பழுதின்றி இருந்தது. மும்பையின் மழையைக் கேள்வியுற்று, கத்தியைத் துடைத்து, எண்ணெய் பூசி, இறுக மூடும் தகர டப்பாவில் இரண்டு பொட்டலம் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து மூடினேன். நான்கு மாதம் அதைத் திறக்கவில்லை. அக்டோபரில் திறந்தபொழுது மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வந்தது. கத்தியின் முதுகும் வாலும் நன்றாயிருந்தன. பிடிக்குள் மறைந்திருந்த அலகு மட்டும் இருபுறமும் துருவேறிக் கிடந்தது. வெளியே காற்றில் கிடந்த பாகம் தப்ப, பிடி மூடிக் காத்த பாகம் கெட்டது எங்ஙனம் என்பது எனக்கு விளங்கவில்லை.

குற்றவாளி பிடியே. யானைத்தந்தம்போலும் ஆமையோடுபோலும் தோற்றமளிக்கும் பழைய பிடிகளுட் பல செல்லுலாயிட் என்னும் பொருளால் ஆனவை. அமெரிக்கராகிய ஹையட் 1870 வாக்கில் இதனைத் தொழில்முறையில் செய்யத் தொடங்கினார். பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்திக் கற்பூரம் கூட்டிச் செய்வது அது. பல பத்தாண்டுகள் சென்றபின் வெப்பத்தாலும் ஈரத்தாலும் அது சிதையத் தொடங்குகிறது. அப்பொழுது நைட்ரஜன் ஆக்ஸைடு வாயுக்களை வெளிவிடும். அவ்வாயு ஈரத்துடன் கூடியதும் மீண்டும் நைட்ரிக் அமிலமாகிறது. திறந்த வெளியில் காற்று அதை அடித்துச் சென்றுவிடும். மூடிய டப்பாவிலோ போக வழியின்றிப் பிடிக்கு நெருங்கிய எஃகைத் தாக்கும், அருகிலுள்ள மற்றக் கத்திகளையும் விடாது, சிதைவையும் விரைவுபடுத்தும். ஆகவே மற்றக் கத்திகளுக்கு நன்மையான மூடிய டப்பா, செல்லுலாயிட் பிடியுள்ள கத்திக்கு நஞ்சாகிறது. அதைக் காற்றோட்டமுள்ள இடத்தில் தனியே வைக்க வேண்டும்.

பிடி செல்லுலாயிட்தானா என்று அறியக் கட்டைவிரலால் சூடேறும்வரை விரைந்து தேய்த்து முகர்ந்து பார்க்கலாம். கற்பூரம் மணந்தால் அதுவே. தீயிட்டுச் சோதிப்பது பேராபத்து. அது குபீரென்று பற்றி எரியும். நிறம் மங்கி, விரிசல் கண்டு, புளித்த நெடியும் வீசத் தொடங்கினால் அந்தப் பிடிக்கு உயிரில்லை. ஆணியைக் கழற்றி, எருமைக்கொம்பினாலோ மரத்தினாலோ வேறு பிடி போடச் செய்வதுதான் வழி.

ஏறிய துருவை நீக்கும் முறைக்கு வருவோம். அதற்கு முன் துருவின் நிறத்தைப் பார்க்க வேண்டும். செந்நிறத்தில் தூளாக இருப்பது நடப்புத் துரு. அதை நீக்கியே ஆகவேண்டும். கறுத்து, வழவழப்பாக, விரலில் ஒட்டாதிருப்பது வேறு வகை ஆக்ஸைடு. அது தானாகப் பரவுவதில்லை. அழகு கருதி அதைச் சுரண்டி எடுப்போர் நல்ல எஃகையும் வீணே குறைக்கிறார்கள். அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

வேலை தொடங்குமுன் கத்தியின் வாய்மேல் ஒட்டுத்தாளை நீளமாக ஒட்டிவிட வேண்டும். அலகை ஒரு மரக்கட்டையின் விளிம்போடு படுக்கவைத்துக் கொள்ள வேண்டும். காற்றிலே பிடித்துக்கொண்டு தேய்த்தால் இரத்தம் வராமல் முடியாது. துருவின்மேல் மெல்லிய எண்ணெய் இட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் துணியால் அழுத்தித் துடைத்தால் புதுத்துரு பெரும்பாலும் வந்துவிடும். வராதவற்றை, பித்தளைப் பாத்திரம் துலக்கும் பாலிஷ் பசையைத் துணியில் தொட்டு, முதுகிலிருந்து வாயை நோக்கித் தேய்க்கலாம். அலகில் பொன்முலாம் பூசிய எழுத்தோ சித்திரமோ இருப்பின் அவ்விடத்தைத் தொடக்கூடாது. முலாம் சிறிது நேரத்தில் போய்விடும். இதற்கும் மசியாத துருவுக்குக் கறுப்பு நிற நீர்த்தாளை உபயோகிக்கலாம். தமிழில் உப்புத்தாள் என்கிறோம். நல்லவேளையாக அதில் உப்பு இல்லை. 600 எண்ணில் தொடங்கி 1000, 2000 என்று படிப்படியாக நேர்த்தியான தாளுக்குச் செல்ல வேண்டும். எண்ணெய் தொட்டே தேய்க்க வேண்டும்.

செங்கற்பொடி, சாம்பல், புளி, எலுமிச்சம்பழம் இவற்றை நம் வீட்டுப் பெரியோர்கள் அரிவாள்மணைக்குக் கையாண்டார்கள். அரிவாள்மணை தாங்கும், சவரக்கத்தி தாங்காது. செங்கற்பொடி ஆழமாகக் கீறும். அக்கீறல்களில் ஈரம் தங்கும். புளியும் எலுமிச்சையும் துருவைக் கரைப்பது உண்மைதான். ஆனால் துரு கரைந்தபின் எஃகைக் கரைக்காமல் நிற்க அவற்றுக்குத் தெரியாது. கடைகளில் சுழலும் மெருகுச் சக்கரத்தில் கொடுப்பது இன்னும் கேடு. மெல்லிய அலகு கணத்தில் சூடேறி, 300 டிகிரியை அணுகினால் நீலம் பாரிக்கும். நீலம் கண்ட இடத்தில் எஃகின் பதம் போயிற்று. அங்கே பின்னர் கூர் நில்லாது.

இவ்விடத்தில் இரண்டு சொல். துருப்பிடித்த கத்தி வெட்டினால் துருவினாலேயே வில்வாதசன்னி வரும் என்று பலர் நம்புகின்றனர். அந்நோய்க்குக் காரணம் மண்ணிலும் சாணத்திலும் வாழும் கிருமி, துரு அன்று. ஆயினும் துருவின் பொருக்குகளில் அழுக்குத் தங்குவதால் அக்கத்தியால் மழிப்பது தகாது. கத்தியைத் தூய்மைப்படுத்தக் குளோரின் கலந்த வெளுப்பு நீரில் போடுவோரும் உண்டு. அது எஃகைக் குழி குழியாக அரித்துவிடும். 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுவது ஒருவர் தமக்கே வைத்திருக்கும் கத்திக்குப் போதும். பிறருக்குப் பயன்படுத்தும் கத்திக்கு இது போதாது. மஞ்சட்காமாலைக் கிருமிகள் இரத்தத்தின் வழியே பரவும் ஆதலால், ஆளுக்கு ஒரு புதிய பிளேடு என்பதில் விட்டுக்கொடுத்தல் கூடாது.

பரப்பிலுள்ள குழி சவரத்தைக் கெடுப்பதில்லை. வாயிலுள்ள குழியே கெடுக்கும். பூதக்கண்ணாடியால் பார்த்தால் அது சிறு பல் போன உதடுபோல் தெரியும். அந்தக் குழியின் ஆழம் வரை விளிம்பைச் சாணைக்கல்லில் பின்னுக்குத் தள்ளியாக வேண்டும், வேறு மருந்தில்லை. 1000 எண்ணுள்ள நீர்க்கல்லில் தொடங்கி நேர்த்தியான கற்களில் முடிப்பர். முதுகும் வாயும் ஒருங்கே கல்லில் படிந்திருக்க வேண்டும். அப்பொழுதுதான் கோணம் மாறாது. குழி அலகின் உள்ளே ஆழ்ந்து சென்றிருந்தால் ஒவ்வொரு முறை தீட்டும்பொழுதும் புதிய பல் விழும். அத்தகைய கத்தியைச் சவரத்திற்கு இனி ஆகாது என்று ஒதுக்கிவிடுவதே நேர்மை.

என் பாட்டனாரின் கத்தியை ஒதுக்க நேரவில்லை. பிடியை மாற்றினேன், எருமைக்கொம்பினால் ஆன புதுப்பிடி பழையதைவிடச் சற்றுக் கனமாக இருக்கிறது. துருவை நீக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன. வாயில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தேய்ந்துபோயிற்று. முனைக்கருகே மூன்று கரும்புள்ளிகள் இன்னும் உள்ளன. அவற்றை நான் தொடவில்லை. கத்தி இப்பொழுது டப்பாவில் இல்லை. படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில், எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றியபடி இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஞாயிறுதோறும் அதைப் பிரித்துப் பார்த்துவிடுகிறேன்.